கல்பாத்தித் தெருவின் இரு வரலாறுகள்

பாலக்காட்டைச் சுற்றிக் காட்டும் ஒரு நாள் பயணத்தின் நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. காலையில் கல்பாத்தி, நண்பகலுக்கு முன் 1766இல் ஐதர் அலி கட்டியெழுப்பிய கோட்டை, அதன்பின் கல்பாத்திப் புழையின் கரையில் உள்ள ஜைனிமேட்டுச் சமணக் கோயில். பிற்பகலில் 1955இல் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராசர் திறந்துவைத்த மலம்புழை அணையும், அதன் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் வடித்த யட்சி சிற்பமும். ஐப்பசி மாதமாக இருந்தால் மாலையில் மீண்டும் கல்பாத்திக்கே வந்து கச்சேரி கேட்கலாம்.

இந்த நிரலில் கல்பாத்திக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் வழிகாட்டி சொல்லும் செய்திகள் மூன்று. காசிக்குச் சென்று திரும்பிய ஒரு கைம்பெண் இக்கோயிலை எழுப்பினார். ஆறு நூற்றாண்டுகளாகத் தமிழ்ப் பிராமணர்கள் இங்கே வாழ்கிறார்கள். ஐப்பசிக் கடைசியில் நடக்கும் தேர்த்திருவிழா கேரளத்தின் பெருவிழாக்களுள் ஒன்று. மூன்றும் சரியானவையே. ஆயினும் இதே தெருவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. முதல் வரலாறு தெருவை அமைத்தவர்களுடையது. இரண்டாவது அத்தெருவில் நடக்க உரிமை கேட்டவர்களுடையது. மரபுச்சின்னமாக ஒரு தெருவைக் காட்டும்போது இவ்விரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டியிருப்பது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

*

முதலில் பெயர். 'கல்', 'பாத்தி' என்னும் இரு சொற்களின் கூட்டு இது. இன்றைய தமிழில் 'பாத்தி' என்றால் தோட்டத்தில் நீர் தேங்கும்படி வரப்புக் கட்டிய சிறு நிலப்பகுதி நினைவுக்கு வரும். மலையாளத்தில் 'பாத்தி' நீர் ஓடும் காலையும், கூரையிலிருந்து நீரை வடிக்கும் தூம்பையும் குறிக்கிறது. பாறைகளின் இடையே ஓடும் ஆற்றங்கரையில் அமைந்த ஊருக்கு இந்த இரண்டாவது பொருளே பொருந்தி வருகிறது.

ஊர் மக்கள் வழங்கும் விளக்கம் வேறு. 'காசியில் பாதி கல்பாத்தி' என்பது அங்குப் பரவலான சொலவடை. ஆற்றங்கரை, விசுவநாதர், விசாலாட்சி, நீருக்கு இறங்கும் படிகள் ஆகியன காசியை நினைவூட்டுவதால் எழுந்தது. மொழியியல் நோக்கில் இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. 'பாதி', 'பாத்தி' ஆகிய இரண்டும் ஒரே ஒரு மெய்யின் அளவால் வேறுபடும் ஒலியிணை. உயிரிடையே தனித்து வரும் தகரம் மெலிந்து ஒலிக்கும். இரட்டித்த தகரம் வல்லொலியாகவே நிற்கும். சொலவடையின் சுவை இந்தச் சிறு வேறுபாட்டிலும் அதை மீறி எழும் ஓசை ஒற்றுமையிலும் இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் ஒருசேர இது செல்லுபடியாகும். சுற்றுலாப் பலகைகளின் ரோமன் எழுத்தில் இரு சொற்களும் ஒன்றுபோலவே எழுதப்படுவதால், அதைப் படிக்கும் வெளியூர்ப் பயணிக்கு ஊர்ப்பெயரே 'பாதி' என்றுதான் பொருள்படுகிறது. நாட்டார் சொற்பிறப்பு ஒன்று எழுத்துமுறையின் துணையால் அதிகாரபூர்வ விளக்கமாக மாறிவிடும் நிகழ்வு இது.

கோயிலுக்கு உள்ளூரில் வழங்கும் இன்னொரு பெயர் 'குண்டுக்கோயில்'. மலையாளத்தில் 'குண்டு' என்றால் பள்ளம். தெருமட்டத்திலிருந்து பல படிகள் இறங்கித்தான் சன்னிதியை அடைய வேண்டும். ஒரு தமிழ்க் குடியிருப்பின் மையக் கோயில் மலையாளச் சொல்லொன்றால் அழைக்கப்படுவது, இரு மொழிகளும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்கின்றன என்பதற்கு எளிய சான்று.

*

கோயில் தோன்றிய வரலாறு கொல்லம் ஆண்டு 600உடன், அதாவது பொது ஆண்டு 1424-25உடன், இணைத்துச் சொல்லப்படுகிறது. மாயவரத்தைச் சேர்ந்த இலட்சுமியம்மாள் என்னும் கைம்பெண் காசிக்குச் சென்று பாணலிங்கம் ஒன்றைக் கொணர்ந்தார். பாலக்காட்டை ஆண்ட இட்டிக்கோம்பி அச்சனிடம் 1,320 பொற்பணம் கொடுத்து, ஆற்றங்கரையில் கோயில் எழுப்பச் செய்தார் என்பது கோயிலின் கல்வெட்டோடு சேர்த்து வழங்கும் செய்தி.

இச்செய்தியில் மூன்று கூறுகள் முக்கியமானவை. முதலாவது, கொடையாளி ஒரு பெண். அதிலும் கணவனை இழந்தவர். பிற்கால அக்கிரகார வாழ்வில் கைம்பெண்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை அறிந்தவர்களுக்கு, ஓர் அக்கிரகாரத்தின் மூலக்கதையிலேயே கைம்பெண் ஒருவர் நெடும்பயணம் செய்து, அரசனோடு நேரே பேசி, தன் பொருளைத் தானே ஒப்படைப்பவராக நிற்பது வியப்பளிக்கும். இரண்டாவது, பரிமாற்றத்தின் தன்மை. வழிகாட்டிகளின் சொல்லில் இது பக்தியின் கதை. ஆனால் தொகை துல்லியமாகக் குறிக்கப்பட்டிருப்பது, பணம் பெற்ற அரசன் அறக்கட்டளையைப் பொறுப்பேற்று நடத்தும் ஓர் ஒப்பந்தமாகவும் இதைப் படிக்கச் செய்கிறது. மூன்றாவது, மாயவரம் என்னும் ஊர்ப்பெயர்.

மாயவரத்தில் ஐப்பசி முழுதும் காவிரியின் துலாக்கட்டத்தில் நீராடுவது மரபு. மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. மயூரநாதருக்கு அம்மாதத்திலேயே பெருவிழா. கல்பாத்தித் தேரும் துலாம் மாதக் கடைசி நாள்களிலேயே ஓடுகிறது. கொல்லம் ஆண்டின் துலாமும் தமிழ் ஐப்பசியும் ஒரே ஞாயிற்றுத் திங்கள். ஆகவே, குடிபெயர்ந்தவர்கள் காசியின் இடத்தை மட்டும் இங்கே படியெடுக்கவில்லை. காவிரிக்கரையின் காலத்தையும் எடுத்துவந்து நிலாப் புழையின் கிளையாற்றில் பொருத்தினர். சொலவடை காசியைச் சொல்கிறது. நாட்காட்டி மாயவரத்தைச் சொல்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் இக்குடிபெயர்வுக்கு வழியாக இருந்தது. நம்பூதிரிகள் அரசகுலத்தோடு பிணங்கி விலகியதால், கோயில்களை நடத்தத் தமிழ்ப் பிராமணர்களை அரசன் அழைத்தான் என்றொரு கதை உண்டு. அது கதையே. குடிபெயர்வு ஒரே அழைப்பால் ஒரே தலைமுறையில் நிகழ்ந்ததன்று. தஞ்சை, திருச்சி, மதுரைப் பகுதிகளிலிருந்து பல அலைகளாக நிகழ்ந்தது. பாலக்காட்டைச் சுற்றி 96 அக்கிரகாரங்கள் உண்டு என்பது மரபான கணக்கு.

*

இந்த அக்கிரகாரங்களைப் பாலக்காட்டில் 'கிராமம்' என்றே சொல்வர். பழைய கல்பாத்தி ஒரு கிராமம். புதிய கல்பாத்தி மற்றொன்று. சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் ஆகியனவும் தனித்தனிக் கிராமங்கள். நகரசபை எல்லைக்குள்ளேயே இருந்தாலும் அவை கிராமங்களே. பொதுத் தமிழில் 'கிராமம்' பல சாதியினரும் வயல்களும் சேர்ந்த ஓர் ஊரைக் குறிக்கும். இங்கோ ஒரே சாதியினர் வாழும் ஒரு தெருவையே குறிக்கிறது. சொற்பொருள் இப்படிச் சுருங்கியது தற்செயலன்று. இவ்வூரின் அமைப்பையே அது விளக்குகிறது.

கேரளத்தின் பழைய வீடுகள் பெரும்பாலும் தனித்தனித் தோட்டங்களின் நடுவே சிதறி நிற்பவை. கல்பாத்தியில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி, பக்கச்சுவரைப் பகிர்ந்து, நேர்கோடாக இரு வரிசையில் நிற்கின்றன. முன்னே திண்ணை, உள்ளே ரேழி, கூடம், அடுக்களை, பின்னே கொல்லை. இரு வரிசைக்கும் நடுவே தேரோடும் தெரு. தெருவின் முனையில் கோயில். பயணியின் ஒளிப்படத்துக்கு அழகைத் தருவது இந்த ஒழுங்குதான். தொடர்ச்சியான ஓட்டுக்கூரைகளும் திண்ணைத் தூண்களும் வாசற்கோலங்களும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன.

ஆனால் அதே ஒழுங்குக்கு இன்னொரு பயனும் உண்டு. இடைவெளியின்றி ஒட்டிய வீடுகளே மதிலாகின்றன, தெருமுனைகள் வாயில்களாகின்றன. யார் வருகிறார் என்பதை ஒவ்வொரு திண்ணையும் பார்க்கும். தனியே ஒரு கதவும் பூட்டும் தேவைப்படாமலேயே ஒரு தெருவை அடைத்து வைக்க இவ்வமைப்பால் முடியும். மரபுச்சின்னம் என்று இன்று காக்கப்படும் கட்டட வடிவமும், அக்காலத்தில் பிறரைத் தடுத்து நிறுத்திய எல்லையும் வேறு வேறல்ல.

*

1924ஆம் ஆண்டு இந்த எல்லை சோதனைக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு மார்ச் 30 அன்று திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. வைக்கம் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் எல்லோரும் நடக்க உரிமை கேட்ட போராட்டம் அது. தமிழ் வாசகர்கள் பெரியாரின் பங்கேற்பால் அதை நன்கு அறிவர். கல்பாத்தி அன்று திருவிதாங்கூரில் இல்லை. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இங்கு எழுந்த கேள்வி சமஸ்தான மன்னரைப் பற்றியதன்று. சென்னையில் இருந்த சட்டமன்றத்தையும் பிரிட்டிஷ் நிர்வாகத்தையும் பற்றியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக்கட்டடம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, செப்டம்பரில் அரசாணையாக வெளிவந்தது. தமிழ்நாட்டுத் தலித் வரலாற்றில் முக்கிய இடம்பெறும் இந்த ஆவணத்தின் முதற்பெரும் சோதனைக் களங்களுள் ஒன்று கல்பாத்தி என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

அரசாணை வந்த சில வாரங்களில், நவம்பரில் தேர்த்திருவிழா. பாலக்காட்டு ஈழவர் சிலர் தேர்த்தெருவுக்குள் நுழைந்தனர், தாக்கப்பட்டனர். அதன்பின் எழுந்த வழக்காடல் முழுவதும் ஒரே சொல்லைச் சுற்றிச் சுழன்றது: அத்தெரு 'பொது'த் தெருவா? 1866இலேயே பாலக்காட்டுக்கு நகரசபை அமைந்துவிட்டது. நகரசபை எல்லைக்குள் அமைந்த தெரு பொதுவழியே என்பது ஒரு தரப்பின் வாதம். தெரு கோயிலோடும் குடியிருப்போடும் பிரிக்கவியலாதது, வழக்காற்றால் தங்களுக்குரியது என்பது மறு தரப்பின் வாதம். 'கிராமம்' என்ற சொல் ஒரு தெருவாகச் சுருங்கியிருந்ததன் அரசியல் விளைவு இங்கே வெளிப்பட்டது. தெருவே கிராமமானால், தெருவுக்குள் நுழைவது ஒரு வீட்டுக்குள் நுழைவதாகவே வாதிடப்படும்.

நிர்வாகம் எடுத்த நிலை கவனத்துக்குரியது. உரிமையை ஆணையில் ஒப்புக்கொண்ட அரசே, அமைதி குலையும் என்ற காரணம் காட்டி, உரிமை கேட்டவர்களைத் தடுக்கும் உத்தரவுகளை நாடியது. தாக்கியவர்களின் சினம் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவும், தாக்கப்பட்டவர்களின் நடை அப்பிரச்சினைக்குக் காரணமாகவும் மாற்றி எழுதப்பட்டன.

இதற்கு ஈழவர்கள் கண்ட விடைகளுள் ஒன்று மதமாற்றம். இந்து ஈழவர் நடக்கக் கூடாத தெருக்களில் கிறித்தவரோ முஸ்லிமோ நடக்கலாம் என்பதே மலபாரில் பல இடங்களில் நிலவிய நடைமுறை. மதம் மாறிய அன்றே ஒரு மனிதரின் 'தீட்டு' அகன்றுவிடுமானால் அந்தத் தீட்டு எங்கே இருந்தது என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. ஆரிய சமாஜம் இங்கே நுழைந்தது. சிலர் அதில் சேர்ந்து, இந்துக்களாக இருந்துகொண்டே சாதிப்பெயரைக் களைந்தவர்களாகத் தெருவில் நுழைய முயன்றனர். ஒரு பெயர் மாற்றத்தால் வழி திறக்குமா என்று சமூகமே சோதித்துப் பார்த்த காலம் அது. 1936இல் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. மலபார் உள்ளிட்ட சென்னை மாகாணத்தில் கோயில்கள் முழுமையாகத் திறக்க 1947ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் உறுப்பு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு சாலையையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுவதன் பின்னே கல்பாத்தி போன்ற தெருக்கள் இருக்கின்றன.

*

கல்பாத்தியை அடுத்துப் பயணிகள் செல்லும் ஜைனிமேடு இவ்வரலாற்றோடு எதிர்பாராத வகையில் இணைகிறது. அங்குள்ள சந்திரப்பிரபர் கோயில் கேரளத்தில் எஞ்சியிருக்கும் சமணச் சின்னங்களுள் ஒன்று. மலையாள இலக்கிய மாணவர்களுக்கு அவ்விடம் வேறொரு காரணத்தால் முக்கியமானது. 1907இல் அங்குத் தங்கியிருந்தபோதுதான் குமாரன் ஆசான் 'வீணபூவு' என்னும் கவிதையை எழுதினார். உதிர்ந்த பூவொன்றை முன்வைத்து வாழ்வின் நிலையாமையைப் பேசும் அக்கவிதை, நவீன மலையாளக் கவிதையின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது.

ஆசான் ஈழவர், நாராயண குருவின் சீடர், 1903இல் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தின் முதல் செயலாளர். ஒரே ஆற்றின் கரையில், சில கிலோமீட்டர் தொலைவில், புகழ்பெற்ற கவிதையொன்றை எழுதிய அவர் கல்பாத்தித் தேரைக் காண விரும்பியிருந்தால் தெருமுனையில் நிறுத்தப்பட்டிருப்பார். 1924 ஜனவரியில் பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்து ஆசான் இறந்தார். அவருடைய சமூகத்தினர் கல்பாத்தித் தெருவில் நுழைந்தது அதே ஆண்டு நவம்பரில். ஒரு நாள் பயணத்தில் இவ்விரு இடங்களையும் அடுத்தடுத்துக் காணும் பயணிக்கு, இரண்டையும் இணைக்கும் இந்தக் கோடு காட்டப்படுவதில்லை.

*

கலையைப் பற்றிய பகுதியிலும் இதே போன்ற விடுபடல் உண்டு. கல்பாத்தி இசையின் ஊர் என்பதில் ஐயமில்லை. பாலக்காடு மணி ஐயர் (1912-1981) இளமையில் மிருதங்கம் பயின்றது சாத்தபுரம் சுப்பையரிடம். பின்னர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்றார். மிருதங்கக் கலைஞர் ஒருவர் சங்கீத கலாநிதி விருது பெற்றது அவரிடமிருந்தே தொடங்குகிறது. கே.வி. நாராயணசுவாமி, கோட்டாயி ஊரின் செம்பை வைத்தியநாத பாகவதர், மஞ்ஞப்பிராவின் எம்.டி. இராமநாதன் ஆகியோர் இம்மாவட்டத்தின் பெயரைக் கருநாடக இசையுலகில் நிலைநிறுத்தினர். செம்பையின் பெயரால் பாலக்காட்டில் அரசு இசைக்கல்லூரி இயங்குகிறது. தேர்த்திருவிழாவையொட்டிக் கல்பாத்தியில் இசைவிழா நடக்கிறது.

மணி ஐயரின் வாசிப்பில் கேரளச் செண்டையின் சாயலைக் கேட்பவர்கள் உண்டு. அது மெய்யானால், அக்கிரகாரத்தின் இசை அக்கிரகாரத்துக்கு வெளியிலிருந்து பெற்ற செல்வம் அது. அவர் வாசித்த மிருதங்கத்தின் கதையும் அப்படியே. மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் பொருத்திய அக்கருவியை அவருக்குச் செய்தளித்தவர் தஞ்சாவூரின் பர்லாந்து. தலித் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்த அவரும் மணி ஐயரும் நாதத்தைத் தேடிச் சேர்ந்து செய்த சோதனைகளை டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) விரிவாகப் பதிவு செய்கிறது. தெருவில் ஒலித்த நாதத்துக்கு உரியவர்களுள் ஒரு பகுதியினர் தெருவுக்குள் வர இயலாதவர்கள் என்பது இசை வரலாற்றின் பகுதியே.

பாலக்காட்டுத் தமிழ் என்றால் அக்கிரகாரத் தமிழ் மட்டுமே என்ற எண்ணமும் திருத்தத்துக்குரியது. இம்மாவட்டத்தின் பகவதி கோயில்களில் கூத்துமாடங்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்து, கம்பராமாயணத்தை அடிப்படையாகக் கொண்டது. திரைக்குப் பின்னே 21 விளக்குகள் எரிய, புலவர்கள் கம்பனின் தமிழ்ப் பாடல்களைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்து பொருள் விரிப்பர். கம்பனை மனப்பாடமாகக் காத்துவந்த இப்புலவர்கள் அக்கிரகாரத்தினர் அல்லர். ஒரு மாவட்டத்தில் தமிழ் எத்தனை வாயில்கள் வழியாக வந்தது என்பதற்கு இக்கலை சான்று. பயண நிரலில் அதற்கு இடம் அரிது.

*

பேச்சுமொழியும் இதையே சொல்கிறது. பாலக்காட்டு ஐயர்களின் தமிழை மற்றத் தமிழர்கள் 'மலையாளம் கலந்த தமிழ்' என்று எளிதாக வகைப்படுத்துவர். 'ஒறங்கறது', 'விளிக்கறது', 'மேடிக்கறது' போன்றவை காட்டுகள். இவற்றுள் 'மேடிக்கறது' மலையாளத்திலிருந்து வந்ததே. ஆனால் உறங்குதலும் விளித்தலும் பழந்தமிழுக்கும் உரியவை. 'விளிவேற்றுமை' என்று இலக்கணத்தில் இன்றும் படிக்கிறோம். தமிழ்நாட்டின் பல வட்டாரங்களில் 'தூங்கு', 'கூப்பிடு' ஆகியவற்றால் பின்னுக்குத் தள்ளப்பட்ட சொற்கள் மலையாளச் சூழலின் துணையால் இங்கே அன்றாடப் பேச்சில் உயிர்வாழ்கின்றன. கலப்பு என்று தோன்றுவதில் ஒரு பகுதி இரு மொழிகளுக்கும் பொதுவான பழைய சொத்து.

தூய்மையைக் காக்கத் தெருவை அடைத்த ஒரு சமூகத்தின் நாவில் அந்த அடைப்பு செல்லுபடியாகவில்லை என்பது மொழி வரலாறு தரும் பாடம். வேலையாட்களோடும் கடைக்காரர்களோடும் அண்டை ஊரினரோடும் பேசிப் பேசியே இவ்வழக்கு உருவாயிற்று. தெரு மறுத்த உறவை மொழி ஏற்றுக்கொண்டது. இன்று இவ்வழக்கைப் பேசுவோர் சென்னை, மும்பை, வெளிநாடுகள் எனச் சிதறியிருக்கின்றனர். கல்பாத்தி வீடுகளில் பல கைமாறியுள்ளன. சில பூட்டிக் கிடக்கின்றன. மரபுக் கிராமம் என்ற அறிவிப்பு ஓட்டுக்கூரையையும் திண்ணையையும் காக்க முயல்கிறது. வீட்டை மாற்றிக் கட்ட விரும்புவோர்க்கு அதுவே சிக்கலாகவும் அமைகிறது. பேச்சுவழக்கைக் காக்கும் அறிவிப்பு எதுவும் இல்லை.

*

ஒப்பீட்டுக்கு ஸ்பெயினின் கோர்தோபா நகரைக் கருதலாம். 785இல் தொடங்கப்பட்டு, 1236இல் நகரம் கிறித்தவர் கைக்குச் சென்றபின் பேராலயமாக்கப்பட்ட பெரும் பள்ளிவாசலும், அதையொட்டிய யூதர் குடியிருப்பின் குறுகிய தெருக்களும் அங்கே ஒரு நாள் பயணத்தின் மையம். 1315இல் கட்டப்பட்ட சிறு யூதத் தொழுகைக்கூடத்தைக் காட்டும்போது, 1492இல் ஸ்பெயினின் யூதர்கள் அனைவரும் மதம் மாற வேண்டும் அல்லது வெளியேற வேண்டும் என்று ஆணையிடப்பட்டதைச் சொல்லாமல் அக்கூடம் வெறுமையாக இருப்பதன் காரணத்தை விளக்க முடியாது. 2015இல் ஸ்பெயின் அவ்வாறு வெளியேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்கச் சட்டமே இயற்றியது.

இரண்டும் ஒன்றல்ல. கோர்தோபாவில் தெருவில் வாழ்ந்தவர்கள் துரத்தப்பட்டனர். கல்பாத்தியில் தெருவில் வாழ்ந்தவர்கள் பிறரை நுழையவிடவில்லை. ஒப்புமை ஒன்றில்தான் உள்ளது: கசப்பான பகுதியைச் சொல்வதால் பயணிகள் குறையவில்லை, கட்டடத்தின் அழகும் குறையவில்லை. பார்ப்பவருக்குக் கல்லின் பொருள் கூடியது.

கல்பாத்தியில் மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் தேர்கள் ஒன்றுகூடும். விசுவநாதர் கோயிலின் தேர்களோடு மந்தக்கரை மகாகணபதி, பழைய கல்பாத்தி இலட்சுமிநாராயணப் பெருமாள், சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதி ஆகிய கோயில்களின் தேர்களும் அங்கு வந்து சேரும். இன்று அந்தக் கூட்டத்தில் யாருடைய சாதியையும் எவரும் கேட்பதில்லை. வடம் பிடிப்போரும் வேடிக்கை பார்ப்போரும் தோளோடு தோள் உரசி நிற்கின்றனர். திருவிழாவைப் 'பண்டைய மரபு' என்று வழிகாட்டி அறிமுகப்படுத்துவார். ஆயினும் எல்லோரும் கூடி நிற்கும் அந்தக் காட்சிக்கு ஆறு நூற்றாண்டு வயதில்லை; ஒரு நூற்றாண்டுகூட முழுமையாக இல்லை. அது 1924இல் அடிபட்டவர்கள் தொடங்கி வைத்தது.

இலட்சுமியம்மாள் கொடுத்த 1,320 பொற்பணம் கல்வெட்டோடு சேர்த்து நினைவுகூரப்படுகிறது. தெருவைப் பொதுவழி ஆக்கியவர்கள் கொடுத்ததற்கு அங்கே கல்வெட்டு இல்லை. தேர்முட்டியில் ஒரு சிறு பலகை, தமிழிலும் மலையாளத்திலும், அந்த நவம்பரைக் குறிக்குமானால், ஒன்றரை மணி நேரத்தில் கல்பாத்தியைக் கடந்து செல்லும் பயணிக்கும் தெருவின் வரலாறு முழுமையாகக் கிடைக்கும்.